பழைய ஊசியும் புதிய நோயும்

காசநோய்க்கெனக் கண்ட ஊசி கொரோனாவைத் தடுக்குமா? 2020-இல் உலகே நடுங்கியிருந்த வேளையில் எழுந்த வினா இது. கால்மெட், கெரேன் எனும் பிரெஞ்சு அறிஞர் இருவர் ஆக்கி, 1921-இல் முதன்முதலாகக் குழந்தைக்குத் தந்த பி.சி.ஜி. மருந்தே அந்த ஊசி. அதைப் போடும் நாடுகளில் கொரோனாச் சாவு குறைவு என்றொரு கணக்கு பரவிற்று. உடலின் பொதுக் காவலையே அது விழிக்கச் செய்கிறது என்று காரணமும் கூறப்பட்டது. காரணம் பொருந்துகிறது என்பதாலேயே அது உண்மையாகிவிடுமா?

முகப்பேரில் வாழும் நமக்கு இதற்கான பாடம் அருகிலேயே இருக்கிறது. 1955-இல் இராசாசி இவ்வூசியை எதிர்த்து எழுதினார். அரசோ ஊரூராகப் போட்டுவந்தது. சொல்லால் தீராத வழக்கை அறிவியலார் சோதனைக்கு விட்டனர். 1968-இல், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தில், ஏறத்தாழ 2,80,000 மக்களைப் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெற்று ஊசியும் போட்டனர். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்டதென்ன? வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை! ஆயினும் பச்சிளங் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் காசத்தினின்று காப்பது வேறு ஆய்வுகளால் உறுதிப்பட்டதால், பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம்.

தனக்குரிய நோயிலேயே இத்துணை வேறுபாடு காட்டிய மருந்தைப் புதிய நோய்க்குச் சோதியாமல் நம்பலாமோ? சேத்துப்பட்டிலுள்ள காசநோய் ஆராய்ச்சி நிலையம் 2020-இல் முதியோரிடம் ஆய்வு தொடங்கிற்று. அவர்தம் குருதியில் எதிர்ப்பாற்றல் கூடியது கண்டனர். ஆனால், குருதியில் மாற்றம் காண்பது வேறு. நோய் வராமை வேறு. ஆஸ்திரேலியா முதலிய ஐந்து நாடுகளில் மருத்துவப் பணியாளரிடம் நடந்த பெருஞ்சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. ஆறு திங்களுக்குள் கொரோனா நோய்க்குறி கண்டோர், பி.சி.ஜி. பெற்றவரில் நூற்றுக்கு 14.7, வெற்று ஊசி பெற்றவரில் 12.3. காப்பு இல்லை என்பதே தீர்ப்பு.

இதனால் கெட்டதென்ன என்பீர்கள். முதியோர்க்கென மருந்தை அள்ளியிருந்தால் தொட்டில் குழந்தைக்கு ஏது? உலக நலவாழ்வு நிறுவனம் 2020 ஏப்ரலிலேயே இதை எச்சரித்தது. ஊசி போட்டோம் என்ற துணிவில் முகமூடியை எறிந்தோர் கதி என்ன?

தோழர்களே! மருந்தைப் புகழ்வோரிடமும் பழிப்போரிடமும் ஒன்றே கேளுங்கள்: எத்தனை பேரிடம் சோதித்தீர்? போடாதவரோடு ஒப்பிட்டீரா? விடை தருவோர் சொல்லை ஏற்போம். தராதோர் யாராயினும் மறுப்போம்.