பழங்கப்பல்களைத் தேடி

'ரஜூலாவில் போனோம்' என்று நம் கடற்கரையூர்ப் பெரியவர்கள் பெருமையோடு கூறக் கேட்டவர்கள் நம்மில் பலர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம் துறைகளையும் பினாங்கு, சிங்கப்பூர் துறைகளையும் இணைத்து நின்றது. மேல்தளத்தில் பாய் விரித்துச் சென்ற பயணிக்கு அங்கே கேளிக்கை என ஒன்றுமில்லை. கடலும் வானும் உடன்வருவோரின் உரையாடலுமே துணை.

அந்த எளிமையை இன்று மேலைநாட்டார் சிலர் தேடி அலைகின்றனர் என்பது வியப்பன்றோ! 2024-இல் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் உல்லாசக் கப்பலில் நீச்சல் குளங்கள் மட்டும் ஏழு, நீர்ச்சறுக்குகள் ஆறு. கடல் நடுவே இருந்தும் கடலைக் காணாமலே ஒருவர் அதில் பயணத்தை முடித்துவிடலாம். இதை விரும்பாதோர் தேக்குப் பலகைத் தளமும், சாய்வு நாற்காலியும், அமைதியான நூலகமும் உள்ள பழங்கப்பலை நாடுகின்றனர்.

ஆனால் அக்கப்பல்கள் எங்கே? 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் பெருங்கப்பல்கள் பயணிகளை இழந்தன. 'குயின் மேரி' 1967 முதல் அமெரிக்காவின் லாங் பீச்சில் நிலைகொண்டது. எஞ்சியவை உல்லாசப் பயணத்துக்குத் திருப்பப்பட்டன. கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான அனைத்துலக ஒப்பந்தம், எளிதில் தீப்பற்றும் பொருள்களால் அமைந்த பழைய பயணிக் கப்பல்களை 2010 அக்டோபர் முதல் அனைத்துலகப் பயணத்தினின்று விலக்கியது. அழகிய மரவேலைப்பாடே அவற்றுக்கு வினையாயிற்று.

இவ்விதியைக் கடிந்துரைக்க நமக்கு மனம் வரவில்லை. ரஜூலாவுக்குப் பின் அதே வழியில் ஓடிய 'சிதம்பரம்' 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியதையும், உயிர்கள் பல மாண்டதையும், அத்தோடு அப்பயணிப் போக்குவரத்தே நின்றதையும் நாம் மறந்தோமில்லை. உயிர் காத்தல் அழகு காத்தலினும் முந்தியது.

விதிக்கேற்பத் திருத்தப்பட்டுத் தப்பியவையும் நிலைக்கவில்லை. 1965-இல் 'அலெக்சாண்டர் புஷ்கின்' என்ற பெயரோடு சோவியத் கொடியின் கீழ்ப் பயணம் தொடங்கி, பின்னர் 'மார்க்கோ போலோ'வான கப்பல், 2020-இல் அதனை இயக்கிய நிறுவனம் முறிந்தபின், 2021-இல் நம் குஜராத்தின் அலாங் கரையில் உடைபடச் சேர்ந்தது. 1956-இல் 'ஆண்ட்ரியா டோரியா'வுடன் மோதிய 'ஸ்டாக்ஹோம்', பெயர்கள் பல மாறி 'அஸ்டோரியா'வாகி, 2025-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு உடைக்க இழுத்துச் செல்லப்பட்டது.

எனினும் தேடுவோர்க்கு வழி முற்றிலும் அடைபடவில்லை. 1931-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கட்டிய 'சீ கிளவுட்' நான்கு பாய்மரங்களோடு இயங்குகிறது. மாலுமிகள் மரமேறிக் கையால் பாய் விரிக்கின்றனர். 1964-இல் தோணித்துறைக் கப்பலாகப் பிறந்த 'ஹெப்ரிடியன் பிரின்சஸ்' ஏறத்தாழ ஐம்பது பேரை ஏற்றி ஸ்காட்லாந்துத் தீவுகளைச் சுற்றுகிறது. இவ்விரண்டின் கட்டணமும் செல்வர்க்கே எட்டும். அன்று நம் ஏழை மேல்தளப் பயணிக்கு வேறு வழியின்றி வாய்த்த எளிமை இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்கும் பண்டமாயிற்று!

ஆயின் பழமை மரத்தில் மட்டுமா இருக்கிறது? நார்வேயில் பெர்கன் முதல் கிர்க்கெனஸ் வரை 34 துறைகளைத் தொடும் கடலோர வழி 1893-இல் தொடங்கியது. இன்று அதில் ஓடுபவை பிற்காலக் கப்பல்களே. ஆயினும் சரக்கும் உள்ளூர் மக்களும் ஏறி இறங்க, பயணம் பயணமாகவே நடக்கிறது.

'சஃபர்' என்னும் அரபுச் சொல்லின் வேருக்குத் திரை விலக்குதல் என்றும் பொருளுண்டு. பயணம் மனிதரின் இயல்பை வெளிப்படுத்துவதால் அப்பெயர் பெற்றது என்பர் மொழியறிஞர். கேளிக்கைகள் மிகுந்து கடலையும் நம்மையும் திரையிட்டு மறைக்குமாயின் அதனைச் சஃபர் என்பது எங்ஙனம்? பழங்கப்பலைத் தேடுவோர் உண்மையில் தேடுவது மரப்பலகையை அன்று; அந்தத் திரை விலகும் பொழுதையே எனலாம்.