ஒரே வருஷத்தில் வந்த ரேடியோவும் போன ரேடியோவும்

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-ம் தேதி ஆரம்பிச்சது. 5 கிலோவாட், மத்திய அலை. அதே வருஷம் செப்டம்பர்ல யுத்தம் வந்துச்சு. உடனே வெள்ளைக்கார சர்க்கார் ஹாம் ரேடியோக்காரங்க லைசென்ஸை நிறுத்திட்டு, டிரான்ஸ்மிட்டர்களை ஒப்படைக்கச் சொன்னாங்க. வீட்ல தானே கட்டின கருவியில, சிற்றலை வழியா, முகம் தெரியாத இன்னொருத்தரோட பொழுதுபோக்கா பேசுறவங்கதான் ஹாம்கள். ஊருக்குப் பெரிய குரல் கிடைச்ச வருஷத்துல தனி ஆளோட குரல் அடங்கிப்போச்சு.

கேக்குறதை மட்டமா சொல்லல. 1960-கள்ல திருச்சி நிலையத்தோட விவசாய நிகழ்ச்சியைக் கேட்டுத்தான் தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 பரவுச்சு. ஜனங்க அதுக்கு வச்ச பேரே ரேடியோ நெல். ஆனாலும் அது ஒருவழிப் பாதைதான்.

எல்லாரும் அடங்கிடல. பம்பாயில நரிமன் பிரின்டர்ங்கிற ஹாம், 1942-ல உஷா மேத்தா குழுவோட காங்கிரஸ் ரேடியோவுக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டிக் கொடுத்தார். 42.34 மீட்டர்ல மூணு மாசம்கூட ஓடல. நவம்பர்ல போலீஸ் புடிச்சிடுச்சு. மாட்டினப்புறம் இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் அவரேதான். வீரக் கதைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

யுத்தம் முடிஞ்சதும் பட்டாளத்து ரேடியோக்கள் பழைய சாமான் கடைக்கு வந்துச்சு. லைசென்ஸும் திரும்பக் கிடைச்சப்புறம், ஹாம்கள் அதையெல்லாம் பிரிச்சுத் தங்களுக்கு ஏத்தமாதிரி கட்டிக்கிட்டாங்க.

அப்படிக் கட்டின ஒரு ரிசீவர் ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுப் பரண்லேருந்து எங்கிட்ட வந்திருக்கு. வால்வுல பிஇஎல் முத்திரை. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. ஸ்ரீரங்கத்துல வளர்ந்த நம்ம சுஜாதா வேலை பார்த்த அதே கம்பெனி.

இந்தமாதிரி செட்டு கிடைச்சா ஆசையில நேரா பிளக்ல சொருகிடாதீங்க. உள்ள இருக்குற கெப்பாசிட்டர் வருஷக்கணக்கா காஞ்சு கெடந்திருக்கும். ஷார்ட் ஆனா டிரான்ஸ்பார்மரும் சேந்து கருகிடும். பழைய மெக்கானிக்குகள் வழி ஒண்ணு இருக்கு. லைன்ல ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடரா போடணும். பல்பு பளிச்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ஷார்ட். முதல்ல எரிஞ்சு அப்புறம் மங்கினா பயமில்ல. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டர்ல 250 வோல்ட் நிக்கும், அதை இறக்காம கை வச்சா ஆளையே கொல்லும். பேப்பர் கெப்பாசிட்டர் எல்லாத்தையும் மாத்திட்டேன். வால்வு ஒண்ணுகூட மாத்த வேண்டி வரல.

வீட்டு வால்வு ரேடியோவுல இன்னைக்கு ஹாம்கள் பேச்சு, வயல்ல மேய விட்ட வாத்துக் கூட்டம் கத்துற மாதிரிதான் கேக்கும். அவங்க பேச்சை அனுப்பும்போது அதோட முக்கிய அலையை வெட்டிட்டு அனுப்புறாங்க. வெட்டின அலையை ரிசீவர்லயே உண்டாக்கிச் சேக்கணும். பரண்ல வந்த செட்டுல அதுக்குன்னே தனியா ஒரு திருகு இருக்கு. மெல்லத் திருப்பினா வாத்து மனுஷக் குரலாயிடும்.

திருப்பிப் பேசணும்னா மத்திய அரசு நடத்துற பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும். 12 வயசானா யாரும் எழுதலாம். நான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் கேக்குறதுதான். விடிகாலையில மும்முனை கரண்ட் வந்து பக்கத்து வயல் மோட்டார்லாம் ஓட ஆரம்பிச்சா இரைச்சல் கூடிடும். அதுக்கு முன்னாடி 40 மீட்டர்ல குரலெல்லாம் தெளிவா வருது.