கடல் கடந்த பறை

நீலகிரியின் தென்மேற்கில் மஞ்சூரைச் சூழ்ந்த மலைகளில் இருவகைத் தோற்பறைகளை நாம் காண்கிறோம். ஒன்று, அருகிலுள்ள குந்தா கோத்தகிரியில் வாழும் கோத்தர்கள் 'கொள்' என்னும் குழலுடன் சேர்த்து அடிக்கும் தபட்க். மற்றொன்று, இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளரின் தப்பு. இரண்டுமே வட்டச் சட்டத்தில் ஒருபுறம் மட்டும் தோல் கட்டியவை. இரண்டையும் சாவு வீட்டில் அடித்தவர்கள் அதன்பொருட்டே தாழ்வாக எண்ணப்பட்டனர். இவ்வினத்தைச் சேர்ந்த பறை இன்று அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் மேடைகளில் தமிழரின் ஆதி இசையாக முழங்குகிறது. இடையில் நிகழ்ந்தது யாது என்பதை அறிவது திருச்சபைக்கும் வேண்டற்பாலது.

கோத்தர் இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் செய்து கொடுத்தனர்; படகரின் ஈமச் சடங்குகளில் இசைத்தனர்; படகர் தானியம் அளந்தனர். 1930களில் படகரிடையே எழுந்த சீர்திருத்தக்காரர், தம் சமூகம் மேன்மையுற வேண்டுமாயின் கோத்தர் இசையைக் கைவிட வேண்டும் என வாதாடினர். இதனால் படகருக்குள்ளேயே பிளவு உண்டாயிற்று. அச்சமயம் இம்மலைகளில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் மாண்டல்பாம் இதனைப் பதிவு செய்துள்ளார். அவர் காலத்திலேயே இங்கு வந்த மொழியறிஞர் எமனோ தொகுத்த கோத்தர் கதைகளைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1944 முதல் 1946 வரை வெளியிட்டது. அண்டை வீட்டார் விலக்கத் தொடங்கிய மக்களின் வாய்மொழி கடலுக்கு அப்பால் அச்சேறியது!

தப்பின் வழி வேறு. தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து கூலிகளாய் இலங்கை சென்றோர் அதனையும் உடன் கொண்டு சென்றனர். விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக் களத்திற்கு அழைத்தது தப்பொலியே. மாசியில் காமன் கூத்துக்கும் அதுவே துணை. ஒரே கருவி துரைக்கும் உழைத்தது, தொழிலாளியின் விழாவுக்கும் உழைத்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்குரியவர் என வகுத்தது. அவ்வாறு வந்தோருக்கென நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அது டான்டீ எனும் கழகமாயிற்று. லயங்களுக்குள் தப்பும் குடிபுகுந்தது.

இவ்வரலாற்றில் திருச்சபையின் இடம் பெருமைக்குரியதன்று. 1846இல் கேத்தியில் பணி தொடங்கிய பாசல் மிஷனும், 1854இல் இலங்கைத் தோட்டங்களில் தோன்றிய தமிழ்க் கூலி மிஷனும் எளியோரைத் தேடிச் சென்றவையே. ஆயினும் நம் ஆலயங்களில் பொதுவாக ஆர்மோனியத்திற்குக் கிடைத்த இடம் பறைக்குக் கிடைக்கவில்லை. அது சாவுக்கும் சாமிக்கும் உரியதென்பர்; சாதியையும் அது நினைவூட்டியது என்பதே முழு உண்மை. யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில் மிரியாம் கையிலெடுத்ததைப் பழைய திருப்புதல் 'தம்புரு' என்கிறது. வாசிப்போர் மனத்தில் தந்திக் கருவியே தோன்றும். எபிரெய மூலத்திலுள்ள 'தோஃப்' சட்டத்தில் தோல் கட்டிய கைப்பறையாகும். நமது தப்புக்கு நெருங்கிய இனம். செங்கடலைக் கடந்த அடிமைகளின் முதல் இசைக்கருவி அது.

மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டு முறைமையை அமைத்தார். 'பரட்டை' என்னும் பெயரால் அறியப்பட்ட அவர், ஒரே உலையில் பொங்கி அனைவரும் உண்ணும் வாழ்வை இறையாட்சியின் உருவகமாகக் கண்டவர். அவரிடம் பயின்ற அமெரிக்க இசையாய்வாளர் சோ ஷெரினியன் 2014இல் அவருடைய இசையைப் பற்றி விரிவான நூல் எழுதினார். பறையைப் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

இனி அமெரிக்கா. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப்பின் அங்குச் சென்ற தமிழருள் பெரும்பாலோர் மருத்துவர், பொறியாளர், விஞ்ஞானிகள். சேரியிலிருந்து சென்றோர் மிகச் சிலர். தொடக்கத்தில் பரதமும் கருநாடக இசையுமே அவர்களது பண்பாட்டின் முகமாயின. 1978இல் தொடங்கிய கிளீவ்லாந்துத் தியாகராஜ ஆராதனை இதற்குச் சான்று. 1987இல் உருவான வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழாக்களில், பிற்காலத்தில், பறை இடம்பெற்றது. பறையடிக்கக் கற்பிக்கும் குழுக்களும் தோன்றின. மென்பொருள் அலுவலரும் அவர்தம் பிள்ளைகளும் தோளில் பறை மாட்டி ஆடுவதை யான் இகழேன். ஊரில் தொடக் கூசிய கருவியை அவர்கள் விரும்பித் தொடுகின்றனர். ஆனால் 'தமிழர் பறை' என்னும் புதுப்பெயரில் பறையரும் அருந்ததியரும் பட்ட அவமானம் மறைந்து போகலாகாது. கலை மட்டுமா கடல் கடந்தது? 2023 பிப்ரவரி 21ஆம் நாள் சியாட்டில் நகர மன்றம் சாதி வேற்றுமையைத் தடைசெய்து சட்டம் இயற்றிற்று; அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. அதனைக் கொண்டுவந்த உறுப்பினரும் இந்தியாவில் பிறந்தவரே. எதிர்த்தோருள்ளும் இந்தியர் பலர்.

ஷெரினியனின் மற்றோர் ஆவணப்படம் திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைப் பற்றியது. கத்தோலிக்கத் துறவியான சகோதரி சந்திரா அங்கே தலித் இளம்பெண்களுக்குப் பறை பயிற்றுவிக்கிறார். கிராமத்தில் சாவுக்கு அடிக்கும் கடமை ஆண்களைச் சார்ந்தது. பெண்கள் அக்கருவியைத் தொடும் வழக்கமில்லை. சக்தியின் பெண்கள் கூலிக்கும் ஏவலுக்கும் அன்றித் தம் விருப்பினால் அடிக்கின்றனர், தாம் எவ்வூர்ச் சேரியினர் என்பதையும் மறைப்பதில்லை.