முட்டிக்குள்ள ரெண்டு பிறை

நல்லம்பள்ளி பக்கம் கபடி ஆடுற பசங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா "ஜவ்வு கிழிஞ்சிருச்சுண்ணா"ங்கற வார்த்தை எப்படியும் காதுல விழும். நம்மாளுங்களுக்கு முட்டிக்குள்ள எது கிழிஞ்சாலும் ஜவ்வுதான். எலும்போட எலும்பை இழுத்துக் கட்டுற லிகமெண்ட் வேற, நான் சொல்லப்போற மெனிஸ்கஸ் வேற மக்களே. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி கிடக்கற ரெண்டு குருத்தெலும்பு. வடிவம் மூன்றாம் பிறை. அந்த கிரேக்கச் சொல்லுக்கும் சின்னப் பிறைன்னுதான் அர்த்தம். பாதம் தரையில ஊன்றியிருக்க, மடங்கின முட்டி திருகிச்சுன்னா கிழியும். ரெய்டு போனவன் கோட்டைத் தொடத் திரும்பறப்ப காலைப் பிடிச்சு அமுக்கறாங்களே, அதேதான்.

1883-ல் எடின்பரோவுல தாமஸ் அன்னண்டேல்னு ஒரு சர்ஜன், சுரங்கத் தொழிலாளி ஒருத்தரோட முட்டியைத் திறந்து, பிய்ஞ்சுபோன மெனிஸ்கஸைத் தைச்சார். ஆள் வேலைக்கும் திரும்பிட்டார். ஆரம்பம் சரியாத்தான் இருந்தது. ஆனா 1897-ல் பிளாண்ட் சட்டன்ங்கறவர், இது ஏதோ பழைய தசையோட மிச்சம், ஒரு வேலையும் இல்லைன்னு எழுதிட்டார். போச்சு! கிழிஞ்சா முழுசா எடுத்துப் போடுங்கறதே ரொம்ப காலத்துக்கு வைத்தியமாச்சு. 1948-ல் ஃபேர்பேங்க், அப்படி எடுத்தவங்களோட எக்ஸ்ரேக்களைப் பாத்து, மூட்டு இடைவெளி சுருங்குது, எலும்பு தட்டையாகுதுன்னு சொன்னார். முட்டியில இறங்கற பாரத்துல பெரும்பங்கை அந்தப் பிறைகள்தானே தாங்குது? அதுக்கப்புறமும் எடுக்கறது நிக்கலைங்கறதுதான் கொடுமை. எத்தனை விளையாட்டுக்காரங்க நடுவயசுலயே நொண்டியிருப்பாங்க!

வழி ஜப்பான்ல இருந்து வந்தது. தரையில மண்டி போட்டு உக்கார்ற ஊரு. காசநோய்ல முட்டி விறைச்சுப் போனா வாழ்க்கையே முடங்கிடும் (சம்மணம் போட்டுச் சாப்பிடற நமக்குப் புரியும்தானே). அதுக்காக 1918-ல் கெஞ்சி தகாகி, மூத்திரப்பை பாக்கற குழாயை பிணத்தோட முட்டிக்குள்ள விட்டுப் பாத்தார். அவரோட சிஷ்யர் மசாகி வதனபே 1962-ல், பாஸ்கெட்பால்ல முட்டி திருகின 17 வயசுப் பையனுக்கு, கிழிஞ்ச துண்டை மட்டும் சின்ன ஓட்டை வழியா எடுத்தார். 1964-ல் டோக்கியோ போன கனடா டாக்டர் ராபர்ட் ஜாக்சன் அதைக் கத்துக்கிட்டுப் போய் மேற்கே பரப்பினார். 1969-ல் அதே டோக்கியோவுல இக்கேயுச்சி, குழாய் வழியாவே தைச்சும் காட்டினார்.

எல்லாக் கிழிசலும் ஒட்டாது. வெளி விளிம்புலதான் ரத்த ஓட்டம் உண்டு, உள்பக்கம் கிடையாது. 1982-ல் ஆர்னோச்கியும் வாரனும் இதைத் தெளிவா காட்டினாங்க.

அப்புறம் ஒரு திருப்பம். 2013-ல் ஃபின்லாந்துல, தேய்மானத்துல மெனிஸ்கஸ் கிழிஞ்ச 146 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு நிஜ ஆபரேஷன், மறு பாதிக்குப் பொய் ஆபரேஷன். ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு கோஷ்டிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! அதனால 50 வயசுக்காரர் ஸ்கேன் ரிப்போர்ட்ல "கிழிசல்"னு பாத்ததும் காட்டை அடமானம் வைக்கக் கிளம்ப வேண்டாம். முதல்ல தொடைத் தசைக்கான பயிற்சி. ஆனா விளையாட்டுல பட்டுனு கிழிஞ்ச இளவட்டங்களுக்கும், முட்டி நீட்ட முடியாம லாக் ஆனவங்களுக்கும் இது பொருந்தாது. அவங்க எண்ணெய் போட்டு நீவிக்கிட்டு மாசக்கணக்குல தள்ளிப்போட்டா, தைக்கக்கூடிய கிழிசலும் தைக்க முடியாததா ஆகிடலாம்.