சும்மா இருந்த நேரத்தில் பின்னிய ரேந்தை

சட்டைக் கழுத்தின் ஓரத்தில் வைத்துத் தைக்கும் நூற்பின்னலை எமது தாய்மார் ‘ரேந்தை’ என்றே அழைத்து வந்தனர். அது போர்த்துக்கேய மொழியின் ‘ரெண்டா’ என்ற சொல். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர்களது ஆட்சி நாற்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. ஆயினும் அலுமாரி, கதிரை முதலிய சொற்களோடு ரேந்தையும் எமது வீடுகளில் தங்கிவிட்டது. யாராவது அதனைப் பார்த்து வியந்தால், “சும்மா இருக்கிற நேரத்திலை பின்னினது” என்று பின்னியவர் கூச்சத்துடன் சொல்வதும் எம்மிடையே வழக்கம். அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லின் வரலாற்றையே இங்கு நாம் சற்று ஆராய விரும்புகின்றோம். அதற்கு மிகப் பொருத்தமானது ஐரோப்பியப் பெண்களின் ‘ரற்றிங்’ என்னும் ரேந்தை வேலையாகும்.

ரேந்தை என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியுள்ளன. அவற்றுள் பழைமையானதொன்று தலையணை ரேந்தை. வைக்கோல் இறுக அடைத்த தலையணையின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகள் பலவற்றை மாற்றி மாற்றிப் போட்டு இதனைப் பின்னுவர். காலி நகரில் இன்றும் செய்யப்படும் ‘பீரலு’ ரேந்தை இவ்வகையைச் சேர்ந்ததே. இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயர், பெட்போட்ஷயர் பகுதிகளில் ஐந்து வயதுப் பிள்ளைகளைக்கூட ரேந்தைப் பள்ளிகளுக்கு அனுப்பினர். நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளின் ஊடாக ஒரே மெழுகுதிரியின் ஒளியைப் பலர் பங்கிட்டுக்கொண்டு இரவிலும் வேலை செய்தனர். தலையணையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போக முடியாது. அடுப்படிக்கும் கொண்டுபோக முடியாது, கரி பட்டால் நூல் கெட்டுவிடும். எனவே இவ்வேலை பெண்ணை ஓரிடத்தில் இருத்தியது. அவள் வேலை செய்கின்றாள் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

ரற்றிங் இதற்கு நேர்மாறானது. அதற்கு வேண்டியவை நூலும், விரல் நீளமான ஒரு சிறு நாடாவும் மட்டுமே. தறியில் ஊடுநூலைச் சுமந்து செல்லும் நாடாவைக் கைக்குள் அடங்கும்படி சிறிதாக்கினால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். இடக்கை விரல்களைச் சுற்றி நூலை வளையமாக்கி, வலக்கையிலுள்ள நாடாவை அவ்வளையத்தின் கீழாகவும் மேலாகவும் செலுத்துவர். இரண்டு அரைமுடிச்சுகள் சேர்ந்து ஒரு முழு முடிச்சாகும். முடிச்சுகள் போதிய அளவு சேர்ந்தபின் நாடா நூலை இழுத்தால் அவை கூடி ஒரு சிறு வளையமாக மூடிக்கொள்ளும். இதிலொரு சூட்சுமம் உண்டு. நாடாவின் நூல் முடிச்சைப் போடுவதுபோலத் தோன்றினாலும், ஒரு சுண்டு சுண்டி அம்முடிச்சை இடக்கை நூலுக்கு மாற்றிவிட வேண்டும். மாறாவிட்டால் உள்நூல் ஓடாது, வளையமும் மூடாது. புத்தகத்தைப் படித்து இதைக் கற்க முயன்று சலித்தவர்கள் பலர். பக்கத்தில் அமர்ந்து ஒருவர் காட்டித் தந்தால் ஒரு மாலைப் பொழுதே போதும்.

இன்னுமொரு சிறப்பு உண்டு. குறோசேயில் கொழுக்கி கழன்றால் பின்னல் உருவிக்கொண்டு போகும். கம்பிப் பின்னலில் ஒரு கண் நழுவினால் கீழ்வரை பிரியும். ரற்றிங் முடிச்சோ போட்ட இடத்திலேயே இறுகி நின்றுவிடும். பிள்ளை அழுதால், பால் பொங்கினால், வாசலில் ஆள் கூப்பிட்டால், அந்தக் கணத்திலேயே சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து அடுத்த முடிச்சிலிருந்து தொடரலாம். பிழை விட்டால் அவிழ்ப்பதுதான் கடினம். வீட்டு வேலையின் இடுக்குகளுக்குள் நுழைவதற்கு இதைவிட ஏற்ற கைவேலை வேறில்லை எனலாம்.

ஆனால் இது ஏழை வீட்டு அடுப்படியில் பிறந்ததன்று. இதற்கு முந்திய வடிவமாகிய முடிச்சு நூல் வேலை அரண்மனைகளுக்குரியது. 1694இல் இறந்த இங்கிலாந்து அரசி இரண்டாம் மேரி வண்டியில் போகும்போதும் முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார் என்பதைச் சார்ள்ஸ் செட்லி என்ற கவிஞர் கேலியாகப் பாடி வைத்துள்ளார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் சேகரிப்பில் யோசுவா றெனோல்ட்ஸ் ஏறத்தாழ 1760இல் வரைந்த அல்பமார்ல் சீமாட்டியின் படம் உள்ளது. அவர் கையில் இருப்பது அத்தகைய நாடாவே. அந்நாளில் சீமாட்டிகள் செய்தது முடிச்சுகள் தொடர்ந்த ஒரு சரடு மட்டுமே. அதனைத் துணியின்மேல் வைத்துத் தைத்தனர். முடிச்சுகளை வளையமாக மூடி ரேந்தையாக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. லண்டனில் வாழ்ந்த எலியனோர் றியேகோ என்ற பெண்மணி 1850இல் இதற்கெனத் தனிநூல் வெளியிட்டார். வளையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வழிகள் அந்த ஆண்டுகளிலேயே அச்சேறின. 1870இல் வெளிவந்த பீற்றன் தையற்கலை நூலின் முதற்பகுதியே ரற்றிங் பற்றியதுதான்.

இதற்கிடையில் அயர்லாந்தில் பஞ்சம் வந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். 1847இல் லவுத் மாவட்டத்தின் ஆர்டி என்ற சிற்றூரில் சோபியா எல்லிஸ் என்ற பெண் ஊர்ப் பெண்களுக்கு ரற்றிங் கற்பித்தார். அதே ஆண்டில் குளோன்ஸ் என்ற ஊரில் மதகுருவின் மனைவி கசான்றா ஹான்ட் குறோசே ரேந்தையைத் தொடக்கி வைத்தார். ஆண்களின் வயல் பொய்த்த வேளையில் பெண்களின் விரல்கள் சோறு போட்டன. குறோசே வேலையில் ஒருத்தி பூவையும் இன்னொருத்தி இலையையும் வீட்டில் பின்ன, வேறொருத்தி அவற்றை ஒன்றாக இணைப்பாள். சில குடும்பங்கள் கப்பற் கூலியையும் இவ்வருவாயிலேயே சேர்த்தன. கடல் கடந்து வந்தவர்களாகிய எமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் இவ்வேலைக்கு இடப்பட்ட பெயர்களைப் பாருங்கள். பிரெஞ்சு மொழியில் இதற்குப் பெயர் ‘பிரிவோலித்தே’. வெட்டி விளையாட்டு என்று பொருள்படும். இத்தாலியர் ‘கியாக்கியரீனோ’ என்பர். அது அரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. யேர்மானியரும் பின்லாந்தினருமோ கருவியின் பெயராலேயே நாடா வேலை, நாடா ரேந்தை என்று நேர்மையாக அழைத்தனர். பெயர் வைத்தவர்கள் முடிச்சுப் போட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்பது எமது எண்ணம்.

தமிழ் மண்ணிலும் ரேந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. அது தலையணை ரேந்தையின் வரலாறு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரியார் சார்ள்ஸ் மால்ற், மார்த்தா மால்ற் தம்பதியருள் மார்த்தா அம்மையார் தமது பெண்கள் பள்ளியில் இதனைக் கற்பித்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் ரேந்தை வருவாயால் தம்மை மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்புப் பிரகடனம் வந்ததோ 1855இல்தான். இத்தம்பதியரின் மகள் எலைசா 1844இல் மணந்தவர், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய கால்டுவெல். கணவர் இடையன்குடியில் இலக்கணம் எழுத, எலைசா அங்கு பெண்களுக்கு ரேந்தை கற்பித்தார். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தை நாம் அனைவரும் அறிவோம். இடையன்குடி ரேந்தையை அறிந்தவர் எம்மில் எத்தனை பேர்?

அங்கு ரேந்தை விடுதலைக்கான விலையாயிற்று. வேறோர் இடத்தில் அதுவே கட்டாகவும் ஆயிற்று. ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாபுரத்தில் பெண்கள் வெளிநாட்டுச் சந்தைக்காகக் குறோசே ரேந்தை பின்னினர். யேர்மன் ஆய்வாளர் மரியா மீஸ் அவர்களிடையே ஆய்வு செய்து 1982இல் நூலொன்று வெளியிட்டார். சமையலையும் பிள்ளை வளர்ப்பையும் முடித்த பின்னரும் இப்பெண்கள் நாளொன்றுக்குப் பல மணிநேரம் பின்னினர். கிடைத்த கூலியோ மிகச் சொற்பம். காரணம் கேட்டால், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகின்றார்கள் என்றே சொல்லப்பட்டது. ரேந்தையை வாங்கி விற்ற ஆண்களுக்கு வியாபாரிகள் என்ற பெயர் இருந்தது. இடுக்கு நேரத்துக்குள் அடங்கிவிடும் என்பதுதான் இவ்வேலையின் வசதி. கூலியைக் குறைப்பதற்கு அந்த வசதியே காட்டப்பட்டது.

அரும்பொருட் காட்சியகங்களில் வைக்கப்பட்டுள்ள ரேந்தைத் துண்டுகளின் கீழ் நாட்டின் பெயரும் நூற்றாண்டும் இருக்கும். பின்னியவளின் பெயரைக் காண்பது அரிது. எமது வீடுகளில், புறப்பட்ட அவசரத்திலும் பெட்டிக்குள் வந்து சேர்ந்த ஒரு ரேந்தைத் தலையணை உறையோ பிள்ளைச் சட்டையோ இருக்கக்கூடும். இருப்பின், அதனைப் பின்னியவரின் பெயரையும் ஊரையும், தெரிந்தால் ஆண்டையும், ஒரு சிறு துணியில் எழுதி அதன் மறுபுறத்தில் தைத்து வையுங்கள். கடதாசி வேண்டாம், நாளடைவில் அதன் கறை துணியில் இறங்கிவிடும்.