குமரிக் கடற்கரை நிலவியல் பயணம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் பாறை, மணல், கழிமுகம் ஆகியவற்றையும் அவற்றை ஒட்டி வாழும் மக்களின் வாழ்முறையையும் நேரில் கண்டு கற்கும் பயணம். கிழக்கே ஆரோக்கியபுரம் தொடங்கி மேற்கே நீரோடி வரை ஏறத்தாழ 70 கி.மீ. நீளும் கரை இதன் களம். நிலவியல் சுற்றுலா என்ற பெயர் 1990களில்தான் உலகில் புழங்கத் தொடங்கியது. குமரிக்கு ஆள் வரத் தொடங்கியதோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே.

கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், நோன்பு பூண்டவர்கள் குமரித் துறையில் வந்து நீராடுவதைக் குறிக்கிறது. அப்படி வந்தவர்களின் காலடியில் கிடந்த பலநிற மணலுக்கு ஊர் சொன்ன விளக்கம் ஒரு கல்யாணக் கதை. குமரியம்மனின் திருமணம் நின்றுபோனது. விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும் சமைக்கப்படாமலே மணலாயின. கருப்பும் சிவப்பும் வெள்ளையுமாக அந்த மணலைப் பொட்டலம் கட்டி யாத்திரிகர்களுக்கு விற்பது நெடுநாள் வழக்கம். குமரியின் முதல் நிலவியல் பாடம் இந்தப் பொட்டலம்தான். மணலைத் தானியம்போல் வகைபிரித்துப் பார்த்த கண்தான் இக்கதையைக் கட்டியிருக்க முடியும்.

கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று அறிவியல் பெயர் சூட்டப்பட்டது பின்னால். பல்லாவரத்தில் 1863இல் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1883இல் தென் திருவிதாங்கூரின் நிலவியலைப் பற்றி எழுதினார். ஆனால் இக்கரையை உலகச் சந்தைக்கு இழுத்தது கயிறு. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அன்றைய வாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. 1965இல் அது இந்திய அருமணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மணவாளக்குறிச்சிக்கு இந்த மணல் எப்படி வந்தது? மலைப்பாறை சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகளில் கடலுக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அலையை ஓங்கி அடிக்கும் மாதங்களில் எடை குறைந்த துகள்களைக் கடல் அரித்துச் செல்ல, கனமான தாதுக்கள் கரையில் தங்குகின்றன. முறத்தில் புடைப்பதைக் கண்டவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். முட்டத்தின் செம்மணல் மேடுகளுக்குக் காரணம் வேறு: காற்று குவித்த மணலில் இரும்பு ஆக்சைடு பூசிச் சிவந்திருக்கிறது. 1981இல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தால்தான் பலருக்கு இந்த ஊர் தெரியும். எந்தப் பாடநூலும் முட்டத்துக்கு அத்தனை பேரை அனுப்பியதில்லை.

குமரிமுனையில் வழிகாட்டிகள் இன்றும் கடலைக் காட்டி, மூழ்கிய குமரிக்கண்டம் அங்கே என்பார்கள். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினங்கள் இருப்பதை விளக்க 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் ஊகித்த லெமூரியா என்ற மூழ்கிய நிலப்பரப்பு, சங்க இலக்கியக் கடல்கோள் செய்திகளோடு இங்கே கலந்துவிட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபின் அந்த ஊகம் தேவையற்றுப் போனது. பாறை சொல்வது அதைவிடப் பெரிய கதை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா நிலத்திரள் உருவானபோது, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை இப்பகுதிப் பாறைகள். இவற்றின் உறவினர் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் உண்டு. 1970இல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபத்துக்குப் படகேறுவோர் அந்தப் பழம்பாறையின்மேல் நின்றுகொண்டே பாறையைப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

இந்தக் கரையை நன்றாகப் படித்தவர்கள் மீனவர்கள். கடலடிப் பாறைத்திட்டை அவர்கள் ‘பார்’ என்பார்கள். கரையிலுள்ள மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் நேர்ப்படுத்தி அது இருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள்.  கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர், நீரோட்டத்துக்கு நீவாடு. இந்த அறிவைத் தமிழில் எழுத்தாக்கியவர்களுள் தூத்தூர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த வறீதையா கான்ஸ்தந்தின் முக்கியமானவர். கட்டுமரத்தையும் கரமடி வலையையும் வேடிக்கைப் பொருளாகக் காட்டிவிட்டு நகரும் பயணம் பாதிப் பயணமே. 2004 ஆழிப்பேரலையில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதையும் 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாததையும் இம்மக்களிடமே கேட்க வேண்டும்.

பழையாறு கடலில் சேரும் மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்திக் காடு உண்டு. சற்று உள்ளே, பறவைகள் வலசைவரும் சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

நிலவியல் சுற்றுலா அந்த மண்ணில் வாழ்வோரின் நலனையும் பேண வேண்டும் என்கிறது 2011இன் அரோக்கா பிரகடனம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாதுமணல் எடுக்கும் திட்டத்தைக் கரையோர ஊர்கள் எதிர்த்துவரும் நிலையில் அந்தப் பிரகடனம் ஏட்டு வாசகமாக நின்றுவிடக் கூடாது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களாகத் தமிழ்நாட்டில் திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள், பரங்கிமலைச் சார்னோக்கைட் பாறை, காரை பாழ்நிலம் ஆகியவை அறிவிக்கப்பட்டுள்ளன. குமரி மாவட்டத்தின் பாறையோ மணலோ அவற்றில் இல்லை.