மைசூர் அரசரின் குதிரை

1831ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் மைசூர் ஸமஸ்தானத்தின் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டு, பெங்களூரிலே கமிஷனர்களை அமர்த்தி ராஜ்ய காரியங்களை நடத்தத் தொடங்கியபோது, அரியணையில் பெயரளவுக்கு வீற்றிருந்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார், தமது கூர்ந்த புத்தியைச் சதுரங்கப் பலகையின்மேல் செலுத்தலானார்.

அவரை ஆட்கொண்டது குதிரை. எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதியாமல் 64 கட்டங்களையும் அது சுற்றிவர வேண்டும். நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு வழிகள் உண்டு. மூலையில் நிற்பதற்கு இரண்டே வழிகள். ஆகவே மூலைகளை மறந்து நடுவிலேயே துள்ளித் திரிகிறவன் முடிவில் வழியின்றி அகப்பட்டுக்கொள்வான்.

இவ்வித்தை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வேதாந்த தேசிகர் பாதுகா ஸஹஸ்ரத்தின் சித்திர பத்ததியில், 32 எழுத்துள்ள சுலோகமொன்றை நான்கு வரிசையாக எழுதிக் குதிரை நடையில் எழுத்துகளைப் பொறுக்கினால், அடுத்த சுலோகம் தானே எழுமாறு பாடிவைத்தார். என்ன அபூர்வமான சாதனை! உடையாரோ எழுத்துக்குப் பதிலாக எண்களை எடுத்துக்கொண்டார். குதிரை மிதித்த வரிசைப்படி 1 முதல் 64 வரை எண்ணிட்டால், குறுக்கே எந்த வரிசையைக் கூட்டினாலும் நெடுக்கே எதைக் கூட்டினாலும் 260 வரும்படி அமைந்த சுற்று அவர் பெயரால் வழங்குகிறது. இங்கிலாந்தில் பெவர்லி என்பவர் இத்தகைய சுற்றை 1848இல் வெளியிட்டார்.

மூலைவிட்டம் இரண்டும்கூட 260 ஆகுமா என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது. கணிப்பொறிகள் 61 நாள் வேலையைச் செய்து, 2003 ஆகஸ்ட் 5 அன்று விடை கூறின: ஆகாது. மற்றபடி 260 தரும் சுற்றுகள் 140 வகை.

கணிப்பொறிக்கும் குதிரைக்கும் உள்ள உறவு இதோடு நிற்கவில்லை. சீனச் சதுரங்கத்தின் குதிரைக்கு மற்றொரு தளையும் உண்டு. அதை ஒட்டிய சந்தியில் வேறு காய் நின்றால் அத்திசையில் பாய முடியாது. 90 சந்திகளுள்ள அப்பலகையில், ஒவ்வொரு நகர்விலும் இத்தளையைச் சோதித்தாடும் கணிப்பொறி ஒன்று, 2006இல் பெய்ஜிங்கில் ஐந்து பெரும் ஆட்டக்காரர்களை 11க்கு 9 என்று வென்றது. இவ்வாறு கணிப்பொறிகள் தொடரும், குதிரையின் போக்கை முறைப்படுத்தும் பிரயாசையில் நம்மவர் பங்கு தொன்மையானது. கணிப்பொறிச் சரித்திரத்தின் முதல் அத்தியாயத்தில் அது இடம்பெறுவதே நியாயம்.

இன்றும் கணிப்பொறி பயிலும் மாணவர் எழுதும் பயிற்சிகளில் குதிரைச் சுற்று ஒன்று. அப்பாடத்தை நடத்தும் பெங்களூர் ஆசிரியர்களை வேண்டுகிறேன்: அன்றைக்குக் கரும்பலகையில் தேசிகர் பெயரையும் உடையார் பெயரையும் எழுதுங்கள்.